விழாத் திடலில் உணவுக் கடைகளுக்கு இடம் தருவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ரீயூனியன் தீவில் விழா நடத்தும் தமிழ்ச் சங்கங்கள், கோவில் நிர்வாகக் குழுக்கள், அவர்களோடு இணைந்து பணியாற்றும் நகராட்சி விழாப் பிரிவினர்

மதிப்பிற்குரிய பெரியோர்களே,

வணக்கம். தீபாவளி விழாவுக்கான திடல் வரைபடம் உங்கள் மேசைக்கு வரும் காலம் இது. மேடை எங்கே அமையும், ஊர்வலம் எந்தத் தெரு வழியாகத் திரும்பும், தீயணைப்பு வண்டி நுழைய எவ்வளவு அகலம் விட வேண்டும், உணவுக் கடைகளுக்கு எத்தனை இடங்கள் ஒதுக்கலாம் என்பதெல்லாம் அந்தத் தாளில் கவனமாகக் குறிக்கப்படும். நான் பார்த்த வரைபடங்களில் மூன்று செய்திகள் மட்டும் இருந்ததில்லை. கடைக்காரர் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பார், பாத்திரம் கழுவிய நீரை எங்கே ஊற்றுவார், பொரித்து முடித்த எண்ணெயை எதில் சேர்ப்பார் என்பவையே அவை. இந்த மூன்றையும் வரைபடத்தில் சேர்த்த பிறகே கடைகளுக்கு இடம் கொடுக்க வேண்டும், தரை வாடகை வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

கோவில் அன்னதானச் சமையலில் நெடுநாளாகப் பணியாற்றி வருகிறேன். உறவினர் ஒருவரின் வண்டிக்கடையிலும், அதாவது இங்கே நாம் எல்லோரும் காமியோன்-பார் என்று சொல்லும் கடையிலும், விழாக் காலங்களில் கைகொடுப்பதுண்டு. பிரா-பனோன் வேளாண் கண்காட்சி, பிளேன் தே காஃப்ரில் ஜனவரியில் நடக்கும் மியெல் வேர் கண்காட்சி, சேன்-போல் கடற்கரையோரத்து வெள்ளிச் சந்தை, சேன்-ஆந்த்ரே தீபாவளி என்று பல இடங்களில் அடுப்புக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். பரிமாறும் மேசைக்கு முன்னால் நிற்பவர் காண்பது வேறு. பின்னால் நிற்பவர் காண்பது வேறு. விழாவுக்கு வருவோரும் விழாவை நடத்துவோரும் பெரும்பாலும் முன்னால்தான் நிற்கிறார்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். நம் தீவு பிரான்சின் ஒரு மாவட்டம் ஆகையால் ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுச் சுகாதார விதி, அதாவது 2004ஆம் ஆண்டின் 852ஆம் எண் விதி, இங்கும் அப்படியே செல்லும். அதன் இரண்டாம் இணைப்பின் மூன்றாம் அத்தியாயம் வண்டிக்கடை, சந்தைக் கடை, கூடாரக் கடை ஆகியவற்றுக்கென்றே எழுதப்பட்டது. கை கழுவவும் துடைக்கவும் வசதி வேண்டும், உணவு படும் பலகையும் மேசையும் கழுவக்கூடியவையாக இருக்க வேண்டும், குடிக்கத் தகுந்த வெந்நீரோ குளிர்நீரோ இரண்டுமோ போதுமான அளவில் வேண்டும், உணவைத் தக்க வெப்பநிலையில் வைத்திருக்கவும் அதைச் சரிபார்க்கவும் ஏற்பாடு வேண்டும் என்று அது கேட்கிறது. இவற்றோடு சேர்த்து, திடக் கழிவையும் திரவக் கழிவையும் தூய்மையாகச் சேர்த்துவைத்து அப்புறப்படுத்த வழி இருக்க வேண்டும் என்பதையும் அதே பட்டியலில், அதே மூச்சில் சொல்கிறது. உணவின் தூய்மைக்கான விதிகளுக்கு நடுவிலேயே கழிவைப் பற்றிய விதியும் வைக்கப்பட்டிருப்பது தற்செயல் அன்று என்பது என் கருத்து.

இதன் மேல் பிரெஞ்சுச் சட்டங்களும் உண்டு. சூடாகப் பரிமாறும் உணவு 63 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கக் கூடாது. மிக எளிதில் கெடும் உணவு குளிர்ப்பெட்டியில் 4 டிகிரியைத் தாண்டக் கூடாது. உணவகத் தொழில் நடத்தும் இடத்தில் ஒருவராவது 14 மணி நேரச் சுகாதாரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது 2012 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. கடை தொடங்குமுன் வேளாண்மை, உணவுத் துறை அலுவலகமான தாஃபில் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களில் எது எந்தப் பண்டத்தில் இருக்கிறது என்பதை எழுதி வைக்க வேண்டும். ஆய்வாளர் வந்து பார்த்ததன் முடிவு 2017 முதல் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் வெளியிடப்படுகிறது. இவை அனைத்தும் நல்ல விதிகள். எதையும் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஆனால் இந்த விதிகள் எல்லாம் கடைக்காரர் ஒருவரையே நோக்கிப் பேசுகின்றன. சொந்தக் கட்டடத்தில் உணவகம் நடத்துபவருக்குக் குழாயும் வடிகாலும் அவர் கையில் இருக்கின்றன. விழாத் திடலில் கடை போடுபவர் நிற்பது பிறருடைய தரையில். அந்தத் தரையில் எங்கே குழாய் இருக்கும், எங்கே வடிகால் இருக்கும், குப்பை வண்டி எப்போது வரும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் நீங்கள். விதி கேட்பதைச் செய்ய அவருக்கு மனம் இருந்தாலும், செய்ய இடம் இருக்கிறதா என்பது உங்கள் வரைபடத்தில்தான் இருக்கிறது.

ஒரு விழாவின் இரண்டாம் நாள் மாலை கடை வரிசையின் பின்புறம் இப்படி இருந்தது. ஒவ்வொரு கூடாரத்துக்குப் பின்னாலும் ஒரு நீல நிற நெகிழி வாளி. அதில் காலையில் பிடித்துவந்த தண்ணீர், மதியத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு மாறி, மேலே மஞ்சள் எண்ணெய்ப் படலம் கட்டி, வெங்காயத் தோலும் சோற்றுப் பருக்கையும் மிதந்துகொண்டிருந்தது. கத்தி, கரண்டி, மேசை துடைக்கும் துணி, சமூசா மடித்த கை எல்லாம் அந்த ஒரே வாளிக்குள் போய்வந்தன. தண்ணீர்க் குழாய் திடலின் மறுகோடியில், மேடைக்குப் பின்னால், பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தது. அழுக்கு நீரை ஊற்ற இடம் எங்கே என்று ஒரு பெண்மணி பாதுகாவலரைக் கேட்டார். அவர் தெரியாது என்று கையை விரித்தார். இருட்டிய பிறகு வாளிகள் ஒவ்வொன்றாகச் சாலையோர மழைநீர் வடிகாலில் கவிழ்ந்தன. அந்தப் பெண்மணியும் அங்கேதான் ஊற்றினார். அவர் தம் வீட்டு அடுக்களையைக் கண்ணாடி போல வைத்திருப்பவர் என்பது எனக்குத் தெரியும்.

கழிவு ஏற்பாடு இல்லாத திடலில் உணவும் பாதுகாப்பாக இருக்காது என்பதற்கான காரணம் அந்த வாளியில்தான் இருக்கிறது. அழுக்கு நீரை ஊற்ற இடம் இல்லாதவர், நல்ல தண்ணீரையும் சிக்கனமாகவே செலவழிப்பார். வாளி நிரம்பிவிட்டால் அடுத்த முறை கழுவுவதைத் தள்ளிப்போடுவார். கோழி வெட்டிய பலகையைக் கழுவாமல் துடைத்துவிட்டு அதிலேயே தக்காளி ருகாய் என்ற தொடுகறிக்கு வெங்காயம் நறுக்குவார். கை கழுவுவதற்குப் பதிலாகக் கையுறை போட்டுக்கொள்வார்; அந்தக் கையுறையோடேயே காசும் வாங்குவார், சில்லறையும் கொடுப்பார், பிறகு அதே கையால் சமூசாவும் எடுப்பார். கையுறை அவருடைய தோலைத்தான் காக்கிறது, உண்பவரை அல்ல. இவற்றையெல்லாம் அலட்சியம் என்று சொல்வது எளிது. பத்துக் கடைக்காரர்களில் பத்துப் பேரும் அதையே செய்தார்கள் என்றால், கோளாறு ஆளிடம் இல்லை, இடத்தில் இருக்கிறது.

உணவு கெடும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நம் சமையலுக்கே உரிய சில ஆபத்துகள் இருக்கின்றன; அவை பொதுவான அறிவுரைகளில் அடிபட்டுப் போகின்றன. முதலாவது சோறு. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பாசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. வடித்த சோறு பெரிய அண்டாவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆறிய சோற்றைத் திரும்ப ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை அதனால்தான் ஆபத்தானது. இரண்டாவது, பெரிய பாத்திரத்தில் சமைத்த கறியும் பருப்பும். குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற மற்றொரு நுண்ணுயிரி, காற்றுப் புகாத ஆழமான குழம்பில், 45 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பில், ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக் கூடியது. முதல் நாள் இரவே ஆட்டுக்கறி மசாலே சமைத்து, அண்டாவை மூடிவைத்து, காலையில் திடலுக்கு ஏற்றிச் செல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆழமான அண்டாவின் நடுப்பகுதி இரவு முழுவதும் ஆறாது. தட்டையான தட்டுகளில் பிரித்து ஊற்றி, 63 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது பிரெஞ்சுக் கூட்டுச் சமையற்கூடங்களில் கடைப்பிடிக்கும் அளவு. நாமும் அதை எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது சூரை மீன். வெயிலில் வைக்கப்பட்ட சூரையில் உருவாகும் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது, எண்ணெயில் பொரித்தாலும் போகாது. சூரை சமூசாவுக்கான பூரணம் பனிக்கட்டிப் பெட்டியை விட்டு வெளியே இருக்கும் நேரம் நிமிடக் கணக்கில் இருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மின்சாரம் வேண்டும். இரவு பத்து மணிக்கு மேடை விளக்கோடு சேர்த்துக் கடை வரிசையின் மின்சாரத்தையும் நிறுத்திவிடும் வழக்கம் இரண்டு நாள் விழாக்களில் இருக்கிறது. அதை நிறுத்துங்கள், குளிர்ப்பெட்டிக்கு இரவு கிடையாது.

இனி வாளி கவிழ்ந்த வடிகாலுக்கு வருகிறேன். நம் தீவில் மழைநீர் வடிகாலும் வீட்டுக் கழிவுநீர்க் குழாயும் பொதுவாக வேறு வேறு. சாலையோர வடிகாலில் ஊற்றியது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாது. ரவீன் என்று நாம் சொல்லும் மலை ஓடை வழியாக நேரே கடலுக்குப் போகும். மேற்குக் கரையில் அந்தக் கடல் என்பது பவளப்பாறை சூழ்ந்த உப்பங்கழி. அதைக் காக்க 2007இல் கடல் இயற்கைக் காப்பகம் ஏற்படுத்தப்பட்டது. கடற்கரையோரச் சந்தைகளிலும் விழாக்களிலும் கடை போடுபவர்கள் ஊற்றும் சோப்பு நீரும் கொழுப்பும் அந்தப் பாறைக்குத்தான் போய்ச் சேர்கின்றன. எண்ணெயைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. ஆண்டுக்கு 60 லிட்டருக்கு மேல் பயன்படுத்திய சமையல் எண்ணெய் சேரும் எந்தத் தொழிலிடமும் அதைத் தனியாகச் சேர்த்து மறுபயன்பாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது 2016 முதல் கட்டாயம். பொம்போன் பிமான் என்ற மிளகாய் வடையும் சமூசாவும் பொரிக்கும் ஒரு வண்டிக்கடை சில விழாக்களிலேயே அந்த அளவைக் கடந்துவிடும். அப்படி இருக்க, எண்ணெய் சேர்க்கும் பீப்பாய் ஒன்றுகூட இல்லாத திடலை எப்படி உணவு விழாவுக்கு ஏற்ற திடல் என்று சொல்ல முடியும்?

திடக் கழிவில் என்னை மிகவும் அச்சுறுத்துவது பார்க்கெத். சோறும் கறியும் பருப்பும் அடைத்துத் தரும் அந்தப் பெட்டி இல்லாமல் இன்று நம் தீவில் எந்த விழாவும் இல்லை. வெண்ணுரை நெகிழிப் பெட்டிகள் 2021 ஜனவரியில் தடை செய்யப்பட்டன. நெகிழிக் கரண்டியும் உறிஞ்சுகுழலும் போயின. அட்டைப் பெட்டியும் கரும்புச் சக்கைப் பெட்டியும் வந்துள்ளன. நல்ல மாற்றம்தான். ஆனால் புதருக்குள் வீசப்பட்ட பெட்டியின் குழிவில் மழைநீர் தேங்குவதற்கு அது எந்தப் பொருளால் ஆனது என்பது ஒரு பொருட்டல்ல. அதன் மூடியும், பானக் கோப்பையும், தயிர்க் கிண்ணமும் கொசுவுக்குப் போதும். புலிக் கொசு என்று நாம் சொல்லும் ஏடிஸ் அல்போபிக்டஸ், ஒரு மேசைக் கரண்டி நீரில்கூட முட்டையிடும். வெப்பமான காலத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் முட்டைகள் மாதக் கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரியும்.

2005, 2006ஆம் ஆண்டுகளின் சிக்குன்குன்யாவை இந்தத் தீவில் மறந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். ஏறத்தாழ 2,66,000 பேர், அதாவது மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், படுத்த படுக்கையானார்கள். 2018 முதல் டெங்கு ஆண்டுதோறும் வந்தது. 2025இல் சிக்குன்குன்யா திரும்பி வந்து, உறுதி செய்யப்பட்டவர்கள் மட்டும் ஐம்பதாயிரத்தைத் தாண்டினார்கள். தீபாவளி முடிந்த சில வாரங்களில் மழைக்காலம் தொடங்குகிறது. தைப்பூசக் காவடி நடு மழைக்காலத்தில் வருகிறது. நம் பெருவிழாக்களின் நாட்காட்டியும் கொசுவின் நாட்காட்டியும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும்போது, திடலின் ஓரத்து முட்புதரிலும் ரவீன் கரையிலும் சிதறிய பெட்டிகளை ஒரு வாரத்துக்குள் பொறுக்கி முடிப்பது அழகுக்கான வேலை இல்லை, நோய்த் தடுப்பு வேலை. மேடையைப் பிரித்த மறுநாள் திடலின் நடுப்பகுதியைப் பெருக்கிவிட்டால் விழா முடிந்தது என்று கணக்கு முடிக்கிறோம். காற்று பெட்டிகளை நடுவில் விட்டுவைப்பதில்லை; ஓரத்துக்குத்தான் தள்ளிச் செல்கிறது.

எலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சல், அதாவது லெப்டோஸ்பைரோசிஸ், நம் தீவில் நிலைகொண்டுவிட்ட நோய், மழைக்காலத்தில் பெருகும், உயிரையும் பறிக்கும். சோறும் எலும்பும் நிறைந்த குப்பைப் பைகளை வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை திடலோரத்தில் அடுக்கிவைத்தால், எலிக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. அதே ஈரத் தரையில்தான் மறுநாள் தீர்த்தக் குடம் எடுப்பவர்களும் காவடி எடுப்பவர்களும் வெறுங்காலோடு நடக்கிறார்கள்.

இப்போது நமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி. மேலே சொன்ன ஐரோப்பிய விதியின் முன்னுரையில், தேவாலய விழா, பள்ளி விழா, ஊர்த் திருவிழா போன்றவற்றில் தனியாட்கள் எப்போதாவது உணவு சமைத்துப் பரிமாறுவது இந்த விதியின் வரம்புக்குள் வராது என்று ஒரு வரி இருக்கிறது. நம் அன்னதானமும் சங்கங்களின் பலகாரக் கடைகளும் அந்த வரியின் நிழலில்தான் இயங்குகின்றன. வண்டிக்கடைக்காரர் பயிற்சிச் சான்றிதழைக் காட்டிவிட்டு நிற்கிறார். பக்கத்துக் கூடாரத்தில் ஆயிரம் பேருக்குச் சோறு போடும் நம் தொண்டர்களிடம் வெப்பமானி ஒன்றுகூட இல்லை. அந்த வரி, ஆண்டுக்கு ஒருமுறை கேக் செய்து விற்கும் பெற்றோருக்காக எழுதப்பட்டது என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஆண்டு முழுவதும் விழாதோறும் நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் கோவில் மடைப்பள்ளி, தன்னை எப்போதாவது சமைப்பவர் என்று சொல்லிக்கொள்வது முறையாகாது. சட்டம் நம்மை விட்டுவைக்கலாம்; அண்டாவில் இருக்கும் நுண்ணுயிரி தொண்டர் யார், வியாபாரி யார் என்று பார்ப்பதில்லை. ஒரே உணவை உண்ட இருவருக்கு ஒரே மாதிரி வயிற்றுப்போக்கோ வாந்தியோ ஏற்பட்டால்கூட அது நலவாழ்வுத் துறைக்கு அறிவிக்க வேண்டிய கூட்டு உணவு நஞ்சாதல் என்றே கணக்கிடப்படும். பிரசாதம் என்று நம்பி வாங்கிய கைகளுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அன்னதானக் குழுவில் இருவரையாவது அந்த 14 மணி நேரப் பயிற்சிக்கு அனுப்புங்கள். பரிமாறிய ஒவ்வொரு பண்டத்திலும் நூறு கிராம் எடுத்து, மூடிய கிண்ணத்தில் ஐந்து நாள் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கும் வழக்கம் பள்ளி உணவகங்களில் இருக்கிறது. ஏதேனும் நடந்தால் காரணம் கண்டுபிடிக்க அது உதவும். கோவிலிலும் அதைக் கொண்டுவரலாம்.

நம்மிடம் நல்லதொரு வழக்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாழை இலை. பந்தியில் இலை போட்டு உண்ணும் வரை நம் அன்னதானத்தின் கழிவு முழுவதும் உரமாகக்கூடியதாகவே இருந்தது. இன்றும் பல கோவில்களில் இலைதான். ஆனால் பந்தி முடிந்ததும் இலையையும், நெகிழித் தண்ணீர்ப் புட்டியையும், காகிதக் கைக்குட்டையையும் ஒரே கறுப்புப் பையில் சுருட்டிக் கட்டிவிடுகிறோம். அந்த நொடியில் இலை தன் தகுதியை இழக்கிறது. அந்தப் பை சேந்த்-சூசான் குப்பை மேட்டுக்கோ பியேர்ஃபோனுக்கோதான் போகிறது. தீவில் குப்பை புதைக்க இருப்பவை இந்த இரண்டு இடங்களே. இரண்டுமே நெடுங்காலமாக நிரம்பிவரும் இடங்கள். உயிர்க்கழிவைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்பது 2024 ஜனவரி முதல் அனைவருக்கும் கடமை. வாழை இலை போடும் கூட்டத்துக்கு இந்தச் சட்டத்தைப் போல எளிதானது வேறில்லை: எழும்பும்போது இலையை ஒரு தொட்டியில், மற்றதை வேறு தொட்டியில் போடச் சொல்லி, அங்கே இரண்டு பிள்ளைகளை நிறுத்தினால் போதும். இலையும் காய்கறித் தோலும் பூவும் மட்டும் சேர்ந்த தொட்டியைக் கோவில் தோட்டத்திலேயே உரக்குழிக்கு அனுப்பலாம். இறைச்சி கலந்த கழிவுக்கு அது பொருந்தாது. அதைக் குப்பையைக் கையாளும் இலேவா அல்லது சித்னே கூட்டமைப்பிடம் கேட்டு முறையான சேகரிப்புக்குக் கொடுக்க வேண்டும்.

ஆக, உங்களிடம் நான் கேட்பது இதுதான். தீபாவளித் திடலில் கடை வரிசையின் பின்புறம், எந்தக் கூடாரத்திலிருந்தும் வாளியோடு நடக்கக்கூடிய தொலைவில், குடிநீர்க் குழாய்கள் அமையுங்கள். குழாய் எங்கே இருக்கிறதோ அதன் அருகிலேயே அழுக்கு நீர் ஊற்றும் தொட்டியையும் வையுங்கள். தண்ணீர் பிடிக்க வருபவர் அழுக்கு நீரையும் கையோடு கொண்டுவருவார், இரண்டு நடை நடக்க மாட்டார். தொட்டி நிரம்பினால் உறிஞ்சு வண்டி வர வேண்டிய நேரத்தை முன்பே பேசிவையுங்கள். எண்ணெய்க்கு மூடியுள்ள பீப்பாய்கள் வையுங்கள். சூடான எண்ணெயை யாரும் இரவில் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது என்பதால் காலையில் ஊற்ற ஏற்பாடு இருக்கட்டும். கடை வரிசையின் இரு முனைகளிலும் உயிர்க்கழிவுக்கும் மற்றதற்கும் தனித்தனி மூடிய தொட்டிகள் இருக்கட்டும். இரண்டு நாள் விழாவானால் முதல் இரவே குப்பை வண்டி வர வேண்டும்.

கடைக்காரரோடு ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். திடல் தரும் வசதிகள் ஒரு பாதியில், கடைக்காரர் செய்ய வேண்டியவை மறு பாதியில். அவர் பக்கத்தில் வெப்பமானி, சோப்பு, காகிதத் துண்டு, குழாய் பொருத்திய மூடிய நீர்க்கலம், காசு வாங்கத் தனி ஆள், கடையைச் சுற்றிச் சுத்தமாக விட்டுச்செல்லும் கடமை ஆகியவை இருக்கட்டும். சிறு தொகையை முன்பணமாக வாங்கி, இடம் சுத்தமாக இருந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். திருப்பிக் கொடுப்பதில் தாமதம் வேண்டாம். பணம் உடனே கைக்கு வந்தால்தான் அடுத்த ஆண்டும் மனம் ஒப்பிச் செய்வார்கள். சாலையில் குப்பை போட்டுச் செல்பவருக்கு 135 யூரோ அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் தொட்டியே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு அபராதச் சீட்டு எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

செலவு கூடும் என்பீர்கள். கூடும்தான். மேடை ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் ஒதுக்கும் தொகையிலிருந்து ஒரு பகுதி போனால் போகட்டும் என்பது என் விருப்பம். அது முடியாவிட்டால் தரை வாடகையைச் சற்று உயர்த்தி, எதற்காக உயர்த்துகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். குழாயும் வடிகாலும் கிடைக்கும் என்றால் கூடுதலாகக் கொடுக்கத் தயங்காத கடைக்காரர்கள் பலரை எனக்குத் தெரியும். சில்லறை வியாபாரத்தில் வயிறு கழுவும் சிறியவர்களுக்கு, முக்கியமாக வீட்டிலிருந்து பலகாரம் செய்து கொண்டுவரும் பெண்களுக்கு, அந்த உயர்வைத் தள்ளுபடி செய்யுங்கள். விதிகளின் பெயரால் அவர்கள் திடலை விட்டு வெளியேற்றப்பட்டால், பெரிய வண்டிகள் மட்டுமே நிற்கும் விழாவாக நம் தீபாவளி சுருங்கிவிடும். முடிந்தால் விழாவுக்கு முந்தைய வாரம் ஒரு மாலை அவர்களைக் கூட்டி, வெப்பமானியை எப்படிக் குழம்பின் நடுவில் விட்டுப் பார்ப்பது, சோற்றை எத்தனை மணிக்கு வடிப்பது, எதை வீட்டில் செய்து எதைத் திடலில் செய்வது என்று பேசுங்கள். தமிழிலோ கிரியோலிலோ, அவர்களுக்குப் பழகிய பேச்சில் சொன்னால் ஒரு மாலையில் நிறைய மாறும். சங்கம் பத்து வெப்பமானிகளை வாங்கி இரவல் கொடுத்தாலே அது ஒரு தொடக்கம்.

விழா முடிந்த ஏழாம் நாளுக்குள் திடலின் ஓரங்களையும் ரவீன் கரையையும் சுற்றிப்பார்த்து, நீர் தேங்கும் எதையும் அகற்ற ஒரு குழுவை இப்போதே நியமியுங்கள். அந்தக் குழுவில் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம். கடைகளுக்கான விண்ணப்பப் படிவங்கள் அச்சுக்குப் போகும் முன், திருத்திய வரைபடத்தைக் கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி வேண்டுகிறேன். குழாய் எங்கே, தொட்டி எங்கே, பீப்பாய் எங்கே என்பதை அதில் பார்த்த பிறகே எங்கள் அன்னதானக் குழு தன் அடுப்புக்கு இடம் கேட்டு விண்ணப்பிக்கும்.

இப்படிக்கு,
பணிவன்புடன்,
சேன்-ஆந்த்ரேயில் அன்னதானச் சமையலில் பணியாற்றும் ஒரு தொண்டர்